லாக் ஆவணம்: ஒட்டுப் போடுவதா, கலைத்து எழுதுவதா?

பைத்தான் திரெட் லாக் பற்றிய பழைய ஆவணப் பக்கம் ஒன்று. (திரெட் என்பது ஒரே நிரலுக்குள் பக்கம் பக்கமாக ஓடும் வேலை; லாக் என்பது ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு.) லாக் ஒரு ஃபேக்டரி ஃபங்ஷன், அதாவது கிளாஸ் அல்ல, லாக் பொருளை உருவாக்கித் தரும் ஃபங்ஷன் என்கிறது. லாக்கைப் பிடிக்கும் அக்வயருக்கு டைம்அவுட் (காத்திருக்கும் நேர வரம்பு) கிடையாது என்கிறது. 100 பைட்கோடுக்கு (பைத்தான் உள்ளே ஓட்டும் சிறு கட்டளை) ஒருமுறை ஜிஐஎல், அதாவது ஒரு நேரத்தில் ஒரே திரெட்டை மட்டும் பைத்தான் கோடை ஓட்டவிடும் உள்பூட்டு, கைமாறப் பார்க்கும் என்கிறது. மூன்றுமே ஒரு காலத்தில் சரிதான். டைம்அவுட் 3.2-இல் வந்துவிட்டது. பைட்கோடு கணக்கு போய், 5 மில்லிசெகண்ட் இடைவெளி வந்ததும் அதே பதிப்பில்தான். 3.13-இல் லாக் கிளாஸாகவே ஆகிவிட்டது.

இதைத் திருத்த, அந்தந்த இடத்தில் 'இந்தப் பதிப்பில் மாறியது' என்று குறிப்பு சேர்க்கலாம். இல்லை, பக்கத்தையே கலைத்து எழுதலாம்.

குறிப்பு, பழைய பதிப்பில் இருப்பவரைக் கைவிடாது. ஒரு பொருள் லாக்தானா என்று ஐஸ்இன்ஸ்டன்ஸ் வைத்துப் பார்த்தால் 3.12-இல் டைப்எரர் விழும், 3.13-இல் ஒழுங்காக ஓடும். 'லாக் ஒரு கிளாஸ்' என்று மட்டும் எழுதி வைத்தால், 3.12-காரர் அதை நம்பிக் கோடு எழுதிவிட்டு முழிப்பார். '3.13-இல் மாறியது' என்று ஒரே ஒரு வரி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ரிவ்யூ செய்பவருக்கும் வேலை குறைவு.

ஆனால் விளக்கமே பழசாகிப்போனால் குறிப்பு உதவாது. 'ஜிஐஎல் இருக்கிறதே, அப்புறம் லாக் எதற்கு' என்ற தொனியில் எழுதிய பத்திகள் அப்படித்தான். ஒரு எண்ணில் ஒன்றைக் கூட்டுவதுகூட எடுப்பது, கூட்டுவது, திரும்ப வைப்பது என்று மூன்று வேலை. நடுவில் திரெட் மாறாது என்று பைத்தான் எந்த உறுதியும் தரவில்லை. போதாததற்கு, ஜிஐஎல் இல்லாத பில்டும் 3.13-இல் சோதனை அளவில் வந்துவிட்டது. அந்தப் பத்திக்குக் கீழே எத்தனை குறிப்பு தொங்கவிட்டாலும், படிப்பவர் மனதில் தங்குவது மேலே உள்ள தவறான வாதம்தான். அதை அழித்துவிட்டு எழுதுவதே மேல்.

அக்வயர், ரிலீஸ் என்று நீட்டி முழக்கும் உதாரணங்களை, லாக்கைத் தானே பிடித்துத் தானே விடுவிக்கும் 'வித்' வடிவத்துக்கு மாற்றக் குறிப்பே வேண்டாம். இன்று புழக்கத்தில் உள்ள எல்லாப் பதிப்பிலும் அது ஓடும். டாக்ஸ்ட்ரிங்கிலிருந்து (கோடுக்குள்ளேயே எழுதும் விளக்கம்) தானாகப் பக்கம் தயாரிப்பது மூன்றாவது வழி; ஆர்கியுமென்ட் பட்டியலுக்குச் சரி, லாக் எப்போது தேவை என்பதை அது சொல்லாது.

என் கணக்கில், ஃபங்ஷனின் நடத்தை மாறியிருந்தால் குறிப்பு, காரணம் சொல்லும் பத்தி என்றால் புது எழுத்து. இரண்டையும் ஒரே பேட்சில் திணிக்க வேண்டாம். குறிப்புகளைப் பழைய பதிப்புகளின் கிளைகளுக்கும் எளிதாகக் கொண்டுபோகலாம். புதிதாக எழுதியதை அப்படிக் கொண்டுபோனால் கான்ஃப்ளிக்ட் (பழைய வரிகளோடு வரும் மோதல்) தீர்ப்பதிலேயே பொழுது போய்விடும்.