ஆர்.ஓ. மெஷினும் அந்த வெள்ளைக் குழாயும்

போன வாரம் எங்கள் வீட்டில் குடிதண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷினுக்கு மெம்பரேனும் (உப்பை வடிகட்டும் சவ்வு) எஸ்.வி.யும் (தண்ணீரை அடைக்கும் வால்வு) மாற்றினேன். 3,400 ரூபாய் ஆனது. அதே நாளில் வேளச்சேரித் தோழி போன் செய்து, "நீ வச்சிருக்கியே, அதையே வாங்கட்டுமா? ஆஃபர் போட்டிருக்காங்க" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் மடிப்பாக்கத்தில் இதை வாங்கியது 2019 கோடையில். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 50 வேகன்களில் சென்னைக்குத் தண்ணீர் வந்த வருடம் அது. எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,100 மில்லிகிராம். மெஷின் வந்த அன்று காபி குடித்துவிட்டு அம்மா, "ஊர்க் கிணத்துத் தண்ணி மாதிரி இருக்குடி" என்றார். பருப்பு சீக்கிரம் வெந்தது. பாத்திரத்தில் வெள்ளை படியவில்லை. இத்தனை வருடத்தில் தண்ணீரின் ருசியில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் அந்த மெல்லிய வெள்ளைக் குழாய் மேல்தான். கழிவுத் தண்ணீர் போகும் குழாய். மாட்ட வந்தவர் அதை சிங்க்குக்கு அடியில் கொண்டுபோய் வடிகுழாய்க்குள் செருகிவிட்டுப் போனார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள். பார்க்க சுத்தமாக இருக்கும். ஆனால் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது.

இந்த முறை சிங்க் அடைத்துக்கொண்டதால் அதை வெளியே எடுத்தேன். மெஷின் நின்றிருந்தது, டேங்க் நிரம்பியிருந்தது, குழாயில் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் நிரம்பியது. ஒரு நாளைக்கு 120 லிட்டருக்கு மேல். எத்தனை மாதமாக இப்படி ஓடியது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. மெக்கானிக் தம்பி வந்து பார்த்து, "எஸ்.வி. போயிடுச்சுக்கா" என்றார். மோட்டார் நிற்கும்போது தண்ணீரை அடைக்க வேண்டிய வால்வு அது. அது சரியாக மூடாவிட்டால், மேல்தொட்டித் தண்ணீர் மெம்பரேனைத் தொட்டுக்கொண்டு நேராகச் சாக்கடைக்குப் போய்விடும்.

மெம்பரேன் விஷயமும் அப்படித்தான். புதிதில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் கழிவு. உப்பு அடைக்க அடைக்க நல்ல தண்ணீர் மெதுவாக வரும், கழிவு மட்டும் அதே வேகத்தில் போகும். பழைய மெம்பரேனில் நான் அளந்தபோது ஒன்றுக்கு ஆறு. ஆகவே குடிதண்ணீர் பாட்டில் நிரம்ப வழக்கத்தைவிட நேரமானால், உடனே ஆளைக் கூப்பிடுங்கள். கழிவைக் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது குழாயை இறுக்கினால் விடாதீர்கள், மெம்பரேன் சீக்கிரம் போய்விடும்.

மெஷின் ஒழுங்காக ஓடினாலும், எங்கள் நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் 15 லிட்டர் என்றால் 45 லிட்டர் கழிவு. வருடத்துக்கு 16,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்கு மேல்!

இப்போது குழாய் சிங்க்குக்கு வெளியே, ஒரு 20 லிட்டர் கேனில் இருக்கிறது. கேன் நிரம்புவது கண்ணில் படுகிறது. அந்தத் தண்ணீரில் வீடு துடைக்கிறோம், பாத்திரத்தை முதல் அலசு அலசுகிறோம், மீதி டாய்லெட்டுக்கு. செடிக்கு ஊற்றாதீர்கள். எங்கள் கழிவின் டி.டி.எஸ். 1,400க்கு மேல் காட்டுகிறது. ஒரு மாதம் ஊற்றியதில் கறிவேப்பிலைச் செடி இலையோரம் எல்லாம் கருகிவிட்டது.

சரி, தோழிக்கு வருகிறேன். அவள் இருக்கும் தென்சென்னைக்கு நெம்மேலியிலிருந்து மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியம்) அனுப்பும் தண்ணீர் கடல்நீரை ஆர்.ஓ. செய்து எடுப்பது. 2013இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் ஆலை ஒன்று, 2024இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. அத்தனை மின்சாரம் செலவழித்து உப்பை எடுத்து அனுப்பிய தண்ணீரை வீட்டில் மறுபடி ஆர்.ஓ.வில் விட்டு, முக்கால்வாசியைச் சாக்கடையில் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. குடிநீரில் டி.டி.எஸ். 500 வரை இருக்கலாம் என்றுதான் இந்தியத் தரநிர்ணயமே சொல்கிறது. ஒரு டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், முதலில் அதை வாங்கு என்றேன். கிருமிக்கு யூவி (புற ஊதா ஒளி) மெஷின் போதும், அதில் கழிவே கிடையாது.

எங்கள் தெருவில் போர் மட்டும்தான் என்பதால் இதை வைத்திருக்கிறேன். ருசிக்கு இத்தனை பாராட்டு எழுதியவள்தான் சொல்கிறேன், மெட்ரோ வாட்டர் இணைப்பு வந்த அன்றே கழற்றிவிடுவேன்.

நேற்று இரவு அவள் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினாள். 240. வாங்காதே என்று பதில் போட்டேன்.