இரட்டை ஸ்பாஞ்ச் ஃபில்டர்: 14 மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

சிக்லிட் குடும்பத்துத் தொட்டி மீன்களை வீட்டில் குஞ்சு பொரிக்க வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை, காற்றில் இயங்கி, பஞ்சின் வழியே தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இரட்டை ஸ்பாஞ்ச் ஃபில்டர். கோயம்புத்தூரில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். எந்த நிறுவனத்தின் பெயரும் அதன்மேல் இல்லை. இரண்டு கருப்புப் பஞ்சு உருளைகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ரப்பர் குமிழ்கள். பெட்டிக்குள் வேறொன்றும் கிடையாது.

எங்கள் வீடு சோமனூர்ப் பக்கம். முன்கட்டில் தறி, பின்கட்டில் தொட்டி. 3 அடி நீளத் தொட்டி. சுமார் 150 லிட்டர் பிடிக்கும். அதில் ஓர் ஆணும் நான்கு பெண்களுமாக எலெக்ட்ரிக் யெல்லோ என்ற மஞ்சள் சிக்லிட் வளர்க்கிறேன். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன் அது. எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, போசியெல்லாம் வெள்ளை படியும். வீட்டில் எல்லோரும் திட்டுகிற அந்த உப்புத் தண்ணீரில்தான் இந்த மீன் வாழைக்குருத்து போல மினுங்குகிறது. மலாவி ஏரி நீரும் காரத்தன்மை கொண்டது. பிஎச் அளவு 8-ஐ ஒட்டி இருக்கும். டிஸ்கஸ் போன்ற தென்னமெரிக்க சிக்லிட் என்றால் கதையே வேறு. அவற்றைக் குஞ்சு பொரிக்க வைக்க மென்மையான நல்ல தண்ணீரைத்தான் பிடித்து வைக்க வேண்டும்.

இதற்கு முன் தொட்டிக்குள் மூழ்கி ஓடும் மோட்டார் ஃபில்டர் ஒன்று வைத்திருந்தேன். தண்ணீர் பளிங்காக இருந்தது. முதல் ஈற்றில் வந்த 22 குஞ்சுகளை ஓர் இரவு அந்தத் தொட்டியிலேயே விட்டேன். காலையில் எண்ணினால் 9. ஃபில்டரைக் கழற்றியபோது மற்றவை உள்ளே பஞ்சோடு ஒட்டிக் கிடந்தன. அன்றைக்குத் தறிக்குப் போகவே மனம் வரவில்லை. உறிஞ்சும் வாயில் வலை கட்ட வேண்டும் என்று கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இந்த மீனின் தாய் குஞ்சுகளை எப்படிக் காக்கிறது என்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த இழப்பு புரியும். முட்டையிட்ட உடனே தாய் எல்லாவற்றையும் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். ஏறக்குறைய மூன்று வாரம் தாடை புடைத்தபடி, இரை எடுக்காமல் ஒதுங்கி நிற்கும். முதல் தடவை என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏன் சாமி, இது நான்கு நாளாக ஒன்றுமே தின்னவில்லையே, நோயா?" என்று கேட்டார். வாயில் குஞ்சு இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் காப்பி. பவானிசாகரில் நாம் வறுத்துச் சாப்பிடும் ஜிலேபி மீனும் சிக்லிட் குடும்பம்தான், அதுவும் வாயில்தான் முட்டையைக் காக்கும் என்று சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை.

ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குஞ்சை இழுத்துக்கொள்ளும் வாயே கிடையாது. ஏர் பம்ப் அனுப்பும் காற்றுக் குமிழ் குழாய்க்குள் மேலே ஏறும்போது தண்ணீரும் கூடவே ஏறுகிறது. அந்த இடத்தை நிரப்பப் பஞ்சின் வழியாக வேறு தண்ணீர் மெல்ல வருகிறது. பஞ்சில் குடியேறும் நுண்ணுயிர்கள் மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நான் எதிர்பாராத பயன் ஒன்றும் உண்டு: குஞ்சுகள் நாள் முழுவதும் பஞ்சின் மேல் படிந்ததைக் கொத்தித் தின்கின்றன. சென்ற ஈற்றில் தாயைத் தனித் தொட்டிக்கு மாற்றி, இந்த ஃபில்டரை மட்டும் வைத்தேன். 18 குஞ்சுகள் வந்தன, 17 தேறின. தீவனக் குருணையை மாவாகப் பொடித்துப் போட்டதே போதுமானதாக இருந்தது.

வாங்கியவுடன் புதுத் தொட்டியில் வைத்து நம்பிவிடாதீர்கள். ஏற்கெனவே மீன் ஓடும் தொட்டியில் ஒரு மாதம் கிடக்கட்டும். நுண்ணுயிர் ஏறிய பிறகு குஞ்சுத் தொட்டிக்கு மாற்றுங்கள். கழுவும்போது குழாயடியில் பிடிக்கவே கூடாது. குளோரின் பட்டால் அந்த நுண்ணுயிர்கள் செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் ஊற்றி, அதில் பஞ்சைப் பிழிய வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் இரண்டு பஞ்சில் ஒன்றை மட்டும். வாளித் தண்ணீர் எங்கள் கருவேப்பிலைச் செடிக்குப் போகிறது.

குறைகள் உண்டு. ரப்பர் குமிழ் மூன்றே மாதத்தில் விறைத்து, பிடி விட்டது. தறியில் மிச்சமான பாலியஸ்டர் நூலால் ஃபில்டரை ஒரு கல்லோடு கட்டிவிட்டேன். ஆஸ்கர் போன்ற பெரிய மீன்களின் கழிவுக்கு இது ஒன்று மட்டும் போதாது.

ஆனால் பெரிய குறை, காற்றுக் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு இல்லாமல் விற்பது. ஏர் பம்பைத் தரையில் வைத்திருந்தேன். ஒருநாள் மின்சாரம் நின்றதும் தொட்டித் தண்ணீர் காற்றுக் குழாய் வழியே இறங்கி, பம்பை நனைத்து, சுவிட்சுப் பலகை வரை வந்துவிட்டது. கிணற்று மோட்டாருக்கு வால்வு போடாமல் யாராவது விடுவார்களா? 20 ரூபாய்ப் பொருள். பெட்டிக்குள்ளேயே வைத்து 200 ரூபாய்க்கு விற்றிருந்தாலும் வாங்கியிருப்பேன். இப்போது வால்வும் போட்டாயிற்று, பம்பும் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே பலகையில் ஏறிவிட்டது.

தறி ஓடும் வீட்டில் பம்பின் சத்தம் காதில் விழாது. தறி நின்று வீடு அமைதியானால், ஃபில்டரும் நின்றுவிட்டது என்று அர்த்தம். முதலில் ஓடுவது பின்கட்டுக்குத்தான். மின்சாரம் போனதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றைப் பிறகு வாங்கி, அதே குழாயில் இணைத்தேன்.

இன்று ஒரு பெண் மீனுக்கு வாயில் முட்டை எடுத்து 12-ஆம் நாள். வியாழக்கிழமை பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மின்தடை என்று அறிவிப்பு வந்திருக்கிறது. பேட்டரியை நேற்றே மாற்றிவிட்டேன்.