பழைய நாஸ் பெட்டியா, பழைய கொம்பியூட்டரா?

லண்டனில் மாமா கழித்துவிட்ட, இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி ஒன்று (வீட்டு நெட்வேர்க்கில் எல்லாருக்கும் பொதுவாகக் கோப்புகளைச் சேமித்துவைக்கும் சாதனம்). ஓர் அலுவலகம் ஒதுக்கிய கோர் 2 டுவோ கொம்பியூட்டர் ஒன்று. யாழ்ப்பாணத்து வீடுகளில் இப்படியான சாமான்களுக்குப் பஞ்சமில்லை. கலியாணவீடு, சாமத்தியவீடு, நல்லூர்த் திருவிழா என்று சேர்ந்துபோன வீடியோக்களைப் போட்டுவைக்க நான் எடுத்தது கொம்பியூட்டரை.

சத்தம், இடம், கரண்ட் மூன்றிலும் நாஸ்தான் திறம். அதில் கதைக்க ஒன்றுமில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது, எவ்வளவு பெரிய டிஸ்க்கை அது ஏற்கும் என்பதுதான். பழைய நாஸ் பெட்டிகள் பலவற்றின் உள் மென்பொருள் எம்பிஆர் என்ற பழைய முறையில் டிஸ்க்கைப் பிரிக்கிறது. அதில் டிஸ்க்கின் சின்னத் துண்டான ஒவ்வொரு செக்டருக்கும் 32 பிட் இலக்கம், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 2.2 ரெராபைட், அதற்கு மேல் எண்ண அதற்கு இலக்கமே இல்லை. செய்த கொம்பனி அப்டேட்டை நிறுத்திவிட்டால் அந்த எல்லை அப்படியே நிற்கும். சில பெட்டிகளில் 3 ரெராபைட் டிஸ்க்கைப் போட்டால் 746 ஜிபி என்று காட்டும்; 2.2 போக மிஞ்சியதை, ஆயிரத்துக்குப் பதில் 1024 ஆல் எண்ணும் கொம்பியூட்டர்க் கணக்கில் காட்டுவது அது. சரி, கிடைத்ததைப் பாவிப்போம் என்று நினைக்கக்கூடாது. ஏற்கனவே கோப்புகள் உள்ள டிஸ்க் என்றால், எல்லைக்கு அப்பால் எழுதவேண்டியது தொடக்கத்தில் போய் விழுந்து இருந்ததையும் அழித்துவிடலாம். இரண்டு டிஸ்க்கையும் ரெய்ட் 1 ஆக்கினால், அதாவது ஒன்றில் உள்ளதையே மற்றதிலும் பிரதி எடுக்கவைத்தால், மொத்தமே 2 ரெராபைட்தான்.

கொஞ்சம் பிந்திய பெட்டிகள், டிஸ்க்கைப் பிரிக்கும் புதிய முறையான ஜிபிடியால் இதைத் தாண்டிவிட்டன. 32 பிட் புரொசசர் உள்ளவற்றில் ஒரு வொலியூமுக்கு (ஒன்றாகப் பாவிக்கும் சேமிப்பிடத்துக்கு) 16 ரெராபைட் என்று இன்னொரு எல்லை உண்டு. வீட்டுக்கு அது தாராளம்.

கொம்பியூட்டரைத் தொடக்கிவைக்கும் பயோஸ் மென்பொருளும் அதே காலத்துப் பழசுதான். ஆனால் அது பூட் ஆகும் டிஸ்க்கைத்தான் பார்க்கும். சின்ன எஸ்எஸ்டி ஒன்றில் 64 பிட் டெபியன் லினக்ஸும், கொம்பியூட்டரை நாஸ் ஆக்கும் ஓபன்மீடியாவோல்ட் மென்பொருளும் ஏற்றிவிட்டால், பெரிய டிஸ்க்கை லினக்ஸ் நேரே கையாளும். ஜிபிடி போட்டு 8 ரெராபைட் டிஸ்க்கைக் கொழுவினேன், 7.3 என்று வந்தது. 1024 கணக்கில் அது சரியான அளவுதான். டிஸ்க்கை மதர்போர்ட்டில் சாட்டா வயரால் நேரே கொழுவுங்கள். பழைய யூஎஸ்பி பெட்டிகள் சிலவற்றுக்கும் அதே 2 ரெராபைட் வியாதி உண்டு. 8க்கு மேல் நான் போட்டுப் பார்க்கவில்லை. இந்த உப்புக் காற்றில் பழைய மதர்போர்ட் எத்தனை வருடம் தாங்கும் என்றும் சொல்லமாட்டேன்.

கரண்ட் பில் மட்டும் உறுத்தும். 60 வாட் நாள் முழுக்க ஓடினால் மாதம் 43 யூனிட், 15 வாட் நாஸ் என்றால் 11. யூனிட் கூடக்கூட விலையும் ஏறும் பில் எங்களுடையது. அதனால் வேண்டிய நேரம் மட்டும் போடுகிறேன்.

உங்களிடம் உள்ளது 2 ரெராபைட்டுக்குள் அடங்கும் என்றால் நாஸையே வைத்திருக்கலாம். ஆனால் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, மிகப் பழையவை நெட்வேர்க்கில் கோப்புகளைப் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1 மட்டுமே பேசும். 2017க்குப் பிந்திய விண்டோஸ் 10 அதைத் தானாக நிறுவாது. மற்றது, டிஸ்க் வாங்க முதல் அந்த மொடலின் பொருத்தப் பட்டியலைப் பாருங்கள். பெட்டி உடைத்த டிஸ்க்கைக் கடையில் திருப்பி எடுப்பது கஷ்டம்.