இண்டக்‌ஷன் அடுப்பு: வேகம் உண்டு, தீ இல்லை

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் புதுக் கட்டடத்துக்குக் குடிவந்தபோது வீட்டோடு வந்த அடுப்பு இது. வேகத்தில் குறை சொல்ல மாட்டேன். ஸ்டீல் குக்கரில் பருப்பு வைத்தால் சட்டென்று விசிலடிக்கிறது, துடைப்பதும் சுலபம். தோசைக்கல்தான் தகராறு: நடுவில் கருகுகிறது, ஓரம் வெள்ளையாகவே கிடக்கிறது. ஊரிலிருந்து சுமந்து வந்த அலுமினிய இட்லிச் சட்டியை அடுப்பு கண்டுகொள்வதே இல்லை. காந்தம் ஒட்டாத பாத்திரம் ஆகாதாம். சுட்ட கத்தரிக்காய்த் துவையலா? மறந்துவிடலாம்.

நானே விரும்பி வாங்கியிருந்தால் மூன்று நட்சத்திரம் கொடுத்திருப்பேன். 2019இல் இந்த நகராட்சி, பருவநிலையைக் காரணம் காட்டி, புதுக் கட்டடங்களுக்கு எரிவாயுக் குழாயே கூடாது என்றது. அமெரிக்காவிலேயே முதல் நகரம். உணவக உரிமையாளர் சங்கம் வழக்குப் போட, கூட்டாட்சிச் சட்டத்துக்கு முரண் என்று 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்துவிட்டது. சரி, சுவருக்குள் குழாயே இல்லாத வீட்டுக்குத் தீர்ப்பால் என்ன பயன்? ஒரு சட்டி ரசம் கொதிக்கிற தீயிலா பூமி சூடாகிறது? இத்தனைக்கும் கலிபோர்னியா மின்சாரத்தில் நல்ல பங்கு இன்னும் எரிவாயுவை எரித்துத்தான் வருகிறது. அதை யாரும் பேச மாட்டார்கள்.

இரண்டு நட்சத்திரம். வாங்கியே ஆக வேண்டியவர்கள் அடி கனமான வார்ப்பிரும்புக் கல்லாகப் பாருங்கள், மெதுவாகச் சூடேற்றுங்கள்.