கருப்பு வெள்ளை ரோல் கழுவக் கொடுக்கிறீர்களா? ஒரு நிமிடம்

கொல்லிமலை ஆகாய கங்கை அருவியில் நான் எடுத்த 36 படங்களும் போய்விட்டன. கேமரா கெடவில்லை, ரோல் தொலையவில்லை. 600 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு லேப்பில் அழித்துக் கொடுத்தார்கள்.

ரோல், இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் என்ற கருப்பு வெள்ளை ஃபிலிம். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அரப்பளீஸ்வரர் கோயில் பக்கமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ட்ரைபாடோடு இறங்கி எடுத்தது. (இறங்குவது பரவாயில்லை. திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும்.) வெள்ளைத் தண்ணீரை வெளிச்சம் அளக்கும் மீட்டர் சொன்னபடி எடுத்தால் சாம்பலாகிவிடும் என்று ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டினேன். கணக்கு 2 விநாடி வந்த இடத்தில் இரண்டரை விநாடி திறந்து வைத்தேன், ஒரு விநாடியைத் தாண்டினால் வெளிச்சத்தைப் பிடிப்பதில் இந்த ஃபிலிமுக்குக் கொஞ்சம் மந்தம் தட்டும். ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதிய நோட்டு இன்னும் இருக்கிறது. படம்தான் இல்லை.

கொடுக்கும்போது இரண்டு தடவை கேட்டேன், கருப்பு வெள்ளை கழுவுவீர்களா என்று. "போன மாசம் கூட பண்ணோம் சார்" என்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கைக்கு வந்தது எதுவுமே பதியாத, கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு ஃபிலிம். "லென்ஸ் மூடியைக் கழட்டினீங்களா சார்?" என்று வேறு கேட்டார் கடைக்காரர். லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில் மூடியைப் போட்டுக்கொண்டு எப்படி அருவியைப் பார்ப்பது?

ஒரு நிமிடம் நானும் என்னையே சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் ஃபிலிமின் ஓரத்தைப் பார்த்தேன். ஃபிலிம் பெயரும் 1, 2, 3 என்ற எண்களும் அங்கே தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தால் பதித்து வருபவை. வெளிச்சம் பட்ட இடம் கழுவியதும் கறுக்கும் என்பதால், மூடியோடு எடுத்திருந்தாலும் அவை கறுப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். ரோல் மாட்டும்போது வெயில் பட்ட முனையும் கன்னங்கரேல் என்று இருக்க வேண்டும். இரண்டுமே வெறுமை. அப்படியானால் தப்பு கேமராவில் இல்லை, கழுவியதில்.

துருவிக் கேட்டதில் உண்மை வந்தது. கலர் ரோல் கழுவும் முறையான சி-41-க்கான மெஷினில் போட்டிருக்கிறார்கள். கலர் ஃபிலிமில் படம் சாயமாக நிற்கும், அதனால் ஃபிலிமில் இருக்கும் வெள்ளியை முழுக்கக் கரைத்து எடுத்துவிடுவார்கள். எஃப்பி4, எச்பி5, ட்ரை-எக்ஸ் போன்ற கருப்பு வெள்ளை ஃபிலிம்களில் வெள்ளிதான் படமே. அது கரைந்தால் மிச்சம் வெறும் பிளாஸ்டிக். போன மாதம் அவர்கள் கழுவியது இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர். அதுவும் கருப்பு வெள்ளைதான், ஆனால் சி-41-இல் கழுவவே செய்யப்பட்டது. டப்பாவிலேயே போட்டிருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் கடை நடக்கிறது.

மன்னிப்பு? இல்லை. அடுத்த கலர் ரோலை இலவசமாகக் கழுவித் தருகிறார்களாம்.

அதனால் கொடுக்கும் முன் "எந்த டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) போடுவீர்கள்?" என்று கேளுங்கள். டி-76, ஐடி-11 என்று ஏதாவது பெயர் வர வேண்டும். "மெஷின்தான் சார்" என்றால் ரோலைக் கையில் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். வெறுமையாக வந்தாலும் ஓரத்தைப் பார்க்காமல் பழியை ஏற்காதீர்கள். எண்கள் இருந்து படம் மட்டும் இல்லையென்றால் கேமராவைச் சந்தேகிக்கலாம்.

அதே பயணத்தில் எடுத்த இரண்டாவது ரோல், நல்லவேளையாக, ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டிலேயே கழுவ டாங்க் வாங்கிவிட்டேன். ஐடி-11-இல் 20 டிகிரியில் எட்டரை நிமிடம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரை 20 டிகிரிக்கு இறக்க ஐஸ் தட்டோடு போராடிக்கொண்டிருக்கிறேன்.