ஃபேட் கோர்: தோணிக்காரனின் கைத்திறனும் கடனும்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையை வளர்த்து ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளில், பாத்திரத்தின் ஆசையையும் பயத்தையும் கடனையும் நேரடியாகக் கணக்குக்குள் கொண்டுவரும் விதிநூல் ஃபேட் கோர். ஈவில் ஹட் நிறுவனம் 2013இல் வெளியிட்டது. மட்டக்களப்பில் நாலைந்து பேர் கூடித் தொடங்குவதென்றால் இதையே எடுக்கலாம். ஆனால் உள்ளபடியே ஆடக்கூடாது, ஒரு திருத்தம் வேண்டும்.

முதலில் திறமை. பட்டியலில் 18 ஸ்கில்கள். ஒன்றுக்கு +4, இரண்டுக்கு +3, மூன்றுக்கு +2, நான்குக்கு +1 என்று கூம்பு மாதிரி அடுக்க வேண்டும். மிச்சம் எட்டும் பூச்சியம். தாளைப் பார்த்த உடனே ஆள் எதில் கெட்டிக்காரன் என்று தெரிந்துவிடும். வாகனம் ஓட்டும் ஸ்கில்லைத் 'தோணி' என்று மாற்றிக்கொண்டால் வாவிக்கரைக் கதைக்கு அப்படியே பொருந்தும். பெயர் மாற்றுவதை நூலே அனுமதிக்கிறது.

உருட்டுவது நான்கு விசேட தாயக்கட்டைகள். அவை இங்கே கடைகளில் தேடி அலைய வேண்டிய சாமான் அல்ல. லூடோக் கட்டை நான்கு போதும்: 1, 2 விழுந்தால் கழித்தல், 3, 4 வெறுமை, 5, 6 கூட்டல். நான்கையும் கூட்டினால் விடை -4இலிருந்து +4 வரை வரும். அதோடு ஸ்கில்லின் எண்ணையும் சேர்த்து, கஷ்டத்தின் எண்ணைத் தாண்ட வேண்டும். கட்டைகளில் மட்டும் நூற்றுக்கு 63 தடவை -1, 0, +1 இவற்றில் ஒன்றுதான். ஆகவே +4 உள்ள தோணிக்காரன், கஷ்டம் +2 உள்ள நீரோட்டத்தை 81 வீதம் சுத்தமாகக் கடப்பான். இன்னும் 12 வீதம் சரிசமமாக வந்து, சின்ன இழப்போடு கரை சேர்வான். இருபது முகக் கட்டை ஒன்றை உருட்டும் இன்னொரு ரோல்பிளேயிங் விளையாட்டான டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் முதல் மட்டத்தில் +5 வைத்திருக்கும் கெட்டிக்காரனும், 15 என்ற நடுத்தர இலக்கை 55 வீதமே எட்டுவான். ஒன்றும் தெரியாதவனுக்கு 30 வீதம் கிடைக்கும். இருபது முகக் கட்டை ஒன்றில் எல்லா எண்ணும் விழ ஒரே அளவு வாய்ப்புத்தான். தொழில் தெரிந்தவனைத் தொழில் தெரிந்தவனாகக் காட்ட ஃபேட்டின் கணக்கே மேல்.

நூலின் உயிர் இருப்பது அஸ்பெக்டில். பாத்திரத்தைப் பற்றிய ஒரு வசனம், அவ்வளவுதான். 'வாழைச்சேனை முதலாளிக்குக் கடன்பட்ட தோணிக்காரன்' என்று எழுதினால் அது இரண்டு பக்கமும் வெட்டும். ஆட்டத்தில் செலவழிக்கக் கையில் இருக்கும் ஃபேட் பொயின்ட் ஒன்று கொடுத்து அந்த வசனத்தைக் கூப்பிட்டால் உருட்டலுக்கு +2, அல்லது மறு உருட்டல். மற்றப் பக்கம், ஆட்டத்தை நடத்துபவரான கேம் மாஸ்டர் ஒரு பொயின்ட்டை மேசையில் தள்ளிவைத்து, "மச்சான், முதலாளிட ஆள் பாலத்தடியில நிக்கான். உண்ட தோணி இப்பவே வேணுமாம்" என்பார். சிக்கலை ஏற்றால் பொயின்ட் உனக்கு. மறுத்தால் நீ ஒன்று கட்ட வேண்டும். கூத்தில் வரவுத் தரு என்ற நுழைவுப் பாட்டோடு ஆள் தன்னை அறிவிப்பதுபோல, நோக்கம் எல்லோருக்கும் தெரிந்தபடி மேசையில் கிடக்கிறது. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 நூலிலும் இலட்சியம், பிணைப்பு, குறை என்று எழுதச் சொல்கிறார்கள். அதற்குப் பரிசு 'இன்ஸ்பிரேஷன்' என்ற, உருட்டலுக்கு உதவும் சலுகை. ஒன்றுக்கு மேல் சேர்த்துவைக்க முடியாது, கொடுப்பதும் நடத்துபவரின் ஞாபகத்தைப் பொறுத்தது. பாதி மேசைகளில் அது மறந்தே போகும்.

ஃபேட்டில் பிழை வரும் இடங்களும் உண்டு. 'வீரன்', 'நல்லவன்' என்று எழுதினால் நடத்துபவருக்குப் பிடி கிடைக்காது. யாரோடு, எதற்காக, என்ன விலைக்கு என்பதில் ஒன்றாவது வசனத்தில் இருக்க வேண்டும். அடுத்தது, பொயின்ட் வறட்சி. ஆட்டம் தொடங்கும்போது ஆளுக்கு மூன்று. சிக்கல் கொடுக்க நடத்துபவர் கூச்சப்பட்டால் பாதி வழியில் கை வெறுமையாகி, எல்லோரும் மிச்சத்தைப் பொத்திப்பிடிப்பார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அமர்வில் ஒரு சிக்கலாவது முன்கூட்டியே எழுதி வையுங்கள். பொயின்ட்டுக்குப் புளியங்கொட்டை போதும்.

திருத்தம் இதுதான். நூல் ஆளுக்கு ஐந்து அஸ்பெக்ட் கேட்கிறது. ஐந்து பேருக்கு 25. அதோடு இடத்துக்கான அஸ்பெக்டும் சேர்ந்தால் யாருக்கும் நினைவில் நிற்காது. ஆள் யார், அவனுக்கு என்ன தொல்லை, கூட இருப்பவரில் ஒருவரோடு என்ன உறவு என்ற மூன்றோடு தொடங்குங்கள். மிச்சம் இரண்டும் ஆட்டத்தில் தானாக வரும்.

ஏறத்தாழ 50 பக்கமுள்ள சுருக்கப் பதிப்பான ஃபேட் அக்செலரேட்டட் சுலபம் என்று பலர் அதற்குப் போகிறார்கள். அதில் ஸ்கில் கிடையாது. கவனமாக, வேகமாக, பலமாக, பதுங்கி என்பன போன்ற, காரியம் செய்யும் ஆறு விதங்கள் மட்டும். +3 'வேகம்' உள்ளவர் பூட்டையும் வேகமாகத் திறப்பார், பொலிஸோடும் வேகமாகக் கதைப்பார். இரண்டாம் அமர்விலேயே சலித்துவிடும். சின்னப் பிள்ளைகளோடு ஒரு மாலை ஆடுவதற்கு மட்டும் சரி.

அச்சுப் புத்தகம் தருவிக்கும் செலவு வேண்டாம். பி.டி.எஃப். விரும்பிய விலைக்குக் கிடைக்கிறது, விதிகளின் மூல வாசகம் இணையத்தில் இலவசம். ஸ்கில் பட்டியலையும் பாத்திரத் தாளையும் மட்டும் போட்டோகொப்பி எடுத்தால் போதும்.