சோலார் ஹீட்டர் லைன் போடுகிறவர்களே, உறைக்குள் என்ன பைப் என்று பாருங்கள்

ஈரோடு, பெருந்துறை, காங்கேயம் பக்கம் மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைக்கப் போகிறவர்கள், வேலைக்காரருக்குப் பணத்தை முடிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் சுடுதண்ணீர் லைனுக்கு சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) பைப், அதன் மேல் கறுப்பு நுரை உறை என்று பேசித்தான் பணம் கொடுத்தோம். அந்த ஆள் போட்டது பச்சைத் தண்ணீருக்குப் போடும் யுபிவிசி. உறையை மாட்டிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும் என்ற தைரியம்.

சித்திரையில் எல்லோரும் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சுடுதண்ணீரை யாரும் எடுக்காததால் ஹீட்டர் தொட்டியில் சூடு ஏறிக்கொண்டே போய், பக்கத்து எல்போ, அதாவது பைப் வளையும் இடத்தில் மாட்டும் இணைப்பு, கழன்றுவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் மேல்நிலைத் தொட்டி காலி, சுவரெல்லாம் பட்டி உரிந்து கிடக்கிறது. எங்கள் அப்பத்தா துணி காயப்போடுவது நேர் கீழேதான். அதை நினைத்தால் இன்னும் மனசு பதறுகிறது.

உறையைக் கிழித்துப் பார்த்தேன். கிளாம்புக்குக் கிளாம்பு பைப் ஈரக் கயிறு மாதிரி தொங்கிப் போயிருந்தது. உறையும் கையில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதன் மேல் அலுமினியத் தாளோ வெயில் தாங்கும் டேப்போ சுற்றவே இல்லை.

போனில் கூப்பிட்டால், "நம்மூர் வெயிலுக்கு எந்தப் பைப்புங்க தாங்கும்? நாங்க என்னங்க பண்றது?" என்றார். சுத்தப் பொய். யுபிவிசி சுமார் 60 டிகிரி வரைக்கும்தான். சோலார் தண்ணீர் அதைச் சாதாரணமாகத் தாண்டும். சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும். வெயிலுக்காகக் குழாயை மூட வேண்டியதுதான். ஆனால் உள்ளே சரியான பைப் இல்லாமல் மேலே எதைச் சுற்றியும் பிரயோஜனம் இல்லை.

உறை மாட்டும் முன் மாடிக்கு ஏறிப் போய்ப் பைப் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். சிபிவிசி என்று இருக்கும், ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர எண்ணும் பெரும்பாலும் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஏற்கெனவே மூடிவிட்டார்களா? பைப் வெளியே தெரிகிற முனையில் அளந்து பாருங்கள். வீட்டுக்குப் போடும் முக்கால் இஞ்ச் சிபிவிசி வெளி விட்டம் 22 மில்லிமீட்டர் சொச்சம்தான், முக்கால் இஞ்ச் யுபிவிசி கிட்டத்தட்ட 27 வரும். சிபிவிசிக்கு ஒட்டும் பசையும் தனி, அந்த டப்பாவையும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் பில். எங்களுக்கு "பைப், பிட்டிங், கூலி" என்று மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டார். எந்தப் பைப், எத்தனை அடி என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அந்த ஆளே வேண்டாம்.

வெட்டி எடுத்த துண்டுகளையும் பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. பணம் திரும்பாவிட்டால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்.